மாடி இல்லாதோருக்கு மாடித் தோட்டமா?

நகரத்து ஜனங்கள் தங்களுக்கு வேண்டிய காய்கறியைத் தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் சில ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. 2021இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தது. செடி வளர்க்கும் பை, தென்னை நார்க் கழிவு, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி மானிய விலையில் கொடுத்தார்கள். 2025 ஜூலை 4ஆம் தேதி ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கப்பட்டு, தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகிய ஆறு விதைகளும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன.

இவற்றை நாம் எதிர்க்கவில்லை. விதை கொடுப்பது நல்ல காரியம். நஞ்சு தெளிக்காத காய் சாப்பிடுவதும் நல்ல காரியம். ஆனால் விழுப்புரத்தில் ரயில் பாதையோரம் ஓலையும் தகரமும் போட்டுக் குடியிருப்பவனிடமும், திண்டிவனத்தில் ஏரிக்கரையில் ஒரு சென்ட் இடத்தில் இரண்டு குடும்பமாக ஒண்டியிருப்பவளிடமும் விதைப் பொட்டலத்தைக் கொடுத்தால் அதை எங்கே விதைப்பது? தகரத்தின் மேலா? சாக்கடைச் சுவரின் மேலா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் மாடி வீட்டுக்காரருக்குத்தான் போய்ச் சேரும். நகரத்து ஏழையின் தட்டில் காய்கறி இல்லாததற்குக் காரணம் விதைப் பஞ்சமும் இல்லை, புத்திமதிப் பஞ்சமும் இல்லை. அவனுக்கு இடம் இல்லை, தண்ணீர் இல்லை, கையில் காசு இல்லை. பிரச்னையின் வேர் அங்கே இருக்கிறது.

அரிசி வந்தது, காய்கறி வரவில்லை

தமிழ்நாட்டின் உழைப்பாளி மக்கள் அரிசிக்காக நடத்திய போராட்டங்கள் கொஞ்சமல்ல. 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்து சுமார் 30 லட்சம் பேர் மாண்டபோது, இந்த நாட்டை ஆண்ட வெள்ளையர் சர்க்கார் 'அதிக உணவு உற்பத்தி செய்யுங்கள்' என்று பிரசாரம் செய்தது. உழுகிறவனுக்கு நிலம் தராமல், பதுக்கல்காரனின் களஞ்சியத்தைத் திறக்காமல் செய்த பிரசாரம் அது. 1952 ஜூனில் ராஜாஜி மந்திரிசபை உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, வியாபாரி கையில் ஜனங்களின் வயிற்றை ஒப்படைக்காதே என்று கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். 1967 தேர்தலில் ஆட்சியே அரிசியின் பேரில் மாறிற்று. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. 2011 ஜூன் முதல் கார்டு வைத்திருப்போருக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசமாகக் கிடைத்தது. ஏழை, ஏழை அல்லாதவன் என்று பிரித்துக் கார்டைக் கிழிக்கும் முறை பல மாநிலங்களில் புகுந்தபோதும், தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொதுவாக நிலைத்தது. யாரும் தானமாகக் கொடுத்து வந்ததில்லை இது. கேட்டும், போராடியும், ஓட்டுப் போட்டும் ஜனங்கள் பெற்றது.

ஆகவே இன்று பசி பழைய முகத்தோடு வருவதில்லை. சோறு இருக்கிறது. சோற்றோடு சேர வேண்டியது இல்லை. ரசத்தையும் ஊறுகாயையும் தொட்டுக்கொண்டு வயிற்றை நிரப்பிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவதில்லை.

இது நமது கற்பனையா? சர்க்காரின் கணக்கையே பாருங்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கு முந்திய கணக்கெடுப்பில் குழந்தைகளின் கணக்கு 50.7 சதவிகிதம். குறைய வேண்டியது கூடியிருக்கிறது! தொழிற்சாலையும் மேம்பாலமும் பெருகிய ஆண்டுகளில்தான் குழந்தைகளின் ரத்தம் வெளுத்திருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம் என்பார்கள். கொடுக்கட்டும். ஆனால் முருங்கைக் கீரையும், பருப்பும், முட்டையும், நெல்லிக்காயும் தட்டில் இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் எத்தனை காலம் தாங்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கீரையும் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி தேவை. இதற்கு மேல் 100 கிராம் பழம். பழத்தை விட்டுவிடுவோம், அது காய்ச்சல் வந்தால் வாங்குகிற பொருளாக இருக்கிறது. குழந்தைகளுக்குச் சற்றுக் குறைத்து, 4 பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 45 கிலோ. விலை ஏறியும் இறங்கியும் இருக்கும்; சராசரியாகக் கிலோ 40 ரூபாய் என்றே எடுத்துக்கொள்வோம். மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் குடும்பமாக இருந்தால் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் காய்கறிக்கே போகும். மீதியில் வீட்டு வாடகை, காஸ், மின்சாரம், பள்ளிக்கூடச் செலவு, மருந்து, வாராவாரம் வந்து நிற்கிற நுண்கடன்காரனின் தவணை.

எதைக் குறைப்பார்கள்? வாடகையைக் குறைக்க முடியாது. தவணையைத் தள்ளினால் கடன்காரன் வாசலில் உட்கார்ந்துவிடுகிறான். குறைக்கக் கூடியது தட்டு ஒன்றுதான். அதிலும் முதலில் குறைவது தாயின் தட்டு.

இன்னொரு அநியாயத்தையும் கவனிக்க வேண்டும். மாத ஆரம்பத்தில் மொத்தமாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறவனுக்குக் காய்கறி மலிவு. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சமைக்கிறவள், இருட்டியபின் தெருமுனையில் கூறு கட்டி வைத்திருப்பதைப் பத்துக்கும் இருபதுக்கும் வாங்குகிறாள். காலையிலிருந்து வெயிலில் கிடந்து வாடியது அது. எடை போட்டுப் பார்த்தால் நல்ல காய்க்கு மற்றவர்கள் கொடுத்த விலையை, வாடிய காய்க்கு இவள் கொடுத்திருப்பாள். ஏழையாக இருப்பதற்கும் ஒரு வரி உண்டு!

ஊரைச் சுற்றி வயல், ஊருக்குள் வெறுந்தட்டு

விழுப்புரமும் திண்டிவனமும் பாலைவனத்தில் இருக்கும் ஊர்களா? விழுப்புரத்தைச் சுற்றி நெல்லும் கரும்பும் உளுந்தும் விளைகிறது. திண்டிவனத்தின் பெயரே புளியங்காட்டிலிருந்து வந்தது என்பார்கள். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் விவசாயிகள் விதைத்த டி.எம்.வி. ரக நிலக்கடலைகளின் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. நாட்டுக்கே கடலை விதை கொடுத்த ஊரில், அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குச் சில மைல் தூரத்தில் வாழும் தொழிலாளியின் குழந்தை ஒரு பிடி கடலை தினமும் தின்ன முடியவில்லை என்றால் குற்றம் மண்ணின் பேரிலா?

விளைகிற பொருள் எங்கே போகிறது? மண்டிக்குப் போகிறது. லாரி ஏறிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிறது. விளைவித்தவனுக்கும் கட்டுப்படியாகவில்லை, ஊருக்குள் வாங்குபவளுக்கும் கட்டுப்படியாகவில்லை. நடுவில் இருப்பவனுக்கு மாத்திரம் இரண்டு பக்கமும் கட்டுப்படியாகிறது.

இதற்கு மாற்றாக 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு மாநிலம் முழுவதும் பரவிற்று. நமது ஜில்லாவுக்கும் வந்தது. தரகன் இல்லாமல் விவசாயி நேரே விற்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தை களைகட்டும் நேரம் விடியற்காலை. அந்த நேரத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள். துப்புரவுத் தொழிலாளி தெருவில் துடைப்பத்தோடு நிற்கிறான். சுமை தூக்குகிறவன் லாரிக்கடியில் நிற்கிறான். அவர்கள் வேலை முடிந்து வரும்போது சந்தை மூடிக் கிடக்கிறது. நல்ல காயும் நியாய விலையும் உத்தியோகஸ்தர் குடும்பத்துக்கு. கூறு கட்டிய மிச்சம் கூலிக்காரக் குடும்பத்துக்கு. சந்தையை மாலையில் இரண்டு மணி நேரம் திறப்பதற்கு என்ன பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டும்?

ஐந்து சென்ட் கேள்வி

இனி நிலத்துக்கு வருவோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி கிடைக்க ஐந்து சென்ட் நிலம், அதாவது சுமார் 200 சதுர மீட்டர், போதும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் சொல்கிறது. ஒரு பக்கம் முருங்கையும் பப்பாளியும், வேலியோரம் அவரையும் பீர்க்கும், நடுவில் பாத்தி கட்டிக் கத்தரி, வெண்டை, மிளகாய், வரப்பில் கீரை. விவரம் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு, நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் ஐந்து சென்ட் யாரிடம் இருக்கிறது?

1965இல் உணவு நெருக்கடி வந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவை விடும்படி நாட்டைக் கேட்டுக்கொண்டார். தம் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். அவருடைய நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் புல்வெளி உள்ளவரால்தான் புல்வெளியை உழ முடியும். ஏற்கெனவே ஒரு வேளையை விட்டுக்கொண்டிருப்பவன் இன்னொரு வேளையை எங்கிருந்து விடுவான்? அன்று புல்வெளி, இன்று மொட்டை மாடி. உபதேசம் மாறவில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1957 ஏப்ரலில் தோழர் ஈ.எம்.எஸ். தலைமையில் பதவியேற்ற கம்யூனிஸ்ட் மந்திரிசபை, ஒரு வாரத்துக்குள் குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் போட்டது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1970 ஜனவரி முதல் தேதி கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. சட்டம் வந்தால் போதாது, நாமே அமல் நடத்துவோம் என்று 1969 டிசம்பரில் ஆலப்புழையில் கூடி விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் பிரகடனம் செய்தார்கள். அந்தச் சட்டம் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவனுக்குக் கொடுத்த உரிமை என்ன? பஞ்சாயத்தில் பத்து சென்ட். நகராட்சியில் ஐந்து சென்ட். பெருநகரத்தில் மூன்று சென்ட்.

நகராட்சியில் ஐந்து சென்ட்! நமது வேளாண்மைப் பல்கலைக் கழகம் ஒரு குடும்பத்துத் தோட்டத்துக்குச் சொல்லும் அதே ஐந்து சென்ட். வீடு போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு பந்தல். அந்தக் குடிசைவாசி யார் தயவிலும் இல்லாமல் தன் கறிவேப்பிலையைத் தானே பறித்துக்கொள்கிற நிலைமை இப்படித்தான் வந்தது. அதே ஆலப்புழை ஜில்லாவில், கஞ்ஞிக்குழி என்ற பஞ்சாயத்தில், வெறும் மணலில் வீட்டுக்கு வீடு காய்கறி போடும் இயக்கம் 1990களின் நடுவில் கிளம்பி நாடறியப் பேர் வாங்கிற்று. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரித்துக் கொடுத்தது. 1998இல் ஏற்பட்ட குடும்பஸ்ரீயின் பெண்கள் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டார்கள். 2020 நவம்பரில் 16 வகைக் காய்கறிகளுக்குச் சர்க்காரே அடிப்படை விலை நிர்ணயித்தது. கேரளத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் சந்தைக்குக் காய்கறி தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் போய்க்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் முதலில் காலடி மண், பிறகு விதை, பிறகு விலை என்ற வரிசையை அவர்கள் பிடித்தார்கள். நமது மாநிலத்தில் விதை முதலில் வந்துவிட்டது; மண் வரவே இல்லை.

தமிழ்நாட்டிலும் 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. மிராசுதாரர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அவன் குடிசை நின்ற மனை சொந்தமாயிற்று. அது செங்கொடியின் கீழ் நடந்த போராட்டங்களுக்குக் கிடைத்த பலன்களில் ஒன்று. ஆனால் அது கிராமத்தில் நிலத்தை நம்பிப் பிழைப்பவருக்கான சட்டம். நகரத்துக்கு வந்து மூட்டை தூக்குபவனுக்கும், கட்டடத்தில் கல் சுமப்பவளுக்கும், ஓட்டலில் இலை எடுப்பவனுக்கும் அதில் இடமில்லை.

இதில் சாதியையும் மறைத்துப் பேசக் கூடாது. ஊரின் தாழ்ந்த இடத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில், சாக்கடை முடியும் இடத்தில் குடியிருப்போர் பெரும்பாலும் யார்? நிலம் மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள்தான். 1892இல் செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு கைமாறிப் போயிற்று என்பதை நாடறியும். இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் பாருங்கள். கடலை விளைந்த கொல்லைகளில் கலர்க் கொடி கட்டிய மனைக் கற்கள் முளைத்திருக்கின்றன. மண் சதுர அடிக் கணக்கில் விற்கத் தொடங்கிய நாளிலிருந்து கத்தரிக்காய் அங்கே விளைவதற்குக் 'கட்டுப்படியாகவில்லை'.

ஏரி யாருக்கு?

நகரத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று அதிகாரிகள் கேட்பார்கள். விழுப்புரத்தின் புதிய பேருந்து நிலையத்துக்கு இடம் இருந்தது. அது எழுந்ததே ஏரிப்புறத்தில்தான். பலத்த மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு பஸ் நிலையத்துக்குள் வருகிறது. திண்டிவனத்தில் உணவுப் பூங்கா அமைக்க சிப்காட்டுக்கு நிலம் இருந்தது. உணவைப் பொட்டலம் கட்டுகிற ஆலைக்கு இடம் உண்டு. உணவை விளைவித்துத் தின்ன விரும்பும் குடும்பத்துக்கு இடம் இல்லையா? பெரிய மனைப்பிரிவு போடுகிறவன் பத்து சதவிகித நிலத்தைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்பது விதி. அப்படி விடப்பட்ட இடங்கள் எத்தனை ஊர்களில் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கின்றன, எத்தனை இடங்களில் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டன என்பதை நகராட்சிகள் பட்டியல் போட்டு ஜனங்கள் முன் வைக்கட்டும்.

ஏரிக்கரைக் குடிசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்நிலை காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ஏரிகளும் கால்வாய்களும் ஒழுங்காக இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். முதலில் மூழ்கியதும் தாழ்ந்த இடத்துக் குடிசைகள்தான். ஆனால் 2007இல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் புல்டோசர் குடிசைக்கு மட்டும் வழி தெரிந்துகொண்டு, பெரிய கட்டடங்களின் முன்னால் கண் தெரியாமல் நிற்பது ஏன்? குடிசையை அகற்ற வேண்டுமானால் ஊருக்குள்ளேயே, வேலைக்குப் போகும் தூரத்திலேயே, மனையும் பட்டாவும் கொடுத்துவிட்டு அகற்று என்கிறோம். பத்து மைலுக்கு அப்பால் அடுக்குமாடி கட்டி அடைத்துவிட்டு, அவன் வேலையையும் பறித்துவிட்டு, கையில் விதைப் பொட்டலத்தைக் கொடுப்பது மறுவாழ்வு ஆகாது.

மூன்று ஆட்சேபங்கள்

நமது யோசனைக்கு மூன்று விதமான ஆட்சேபங்கள் வரும்.

முதலாவது: "இவர்களுக்கு இடம் கொடுத்தால் பயிரிட மாட்டார்கள், விற்றுவிடுவார்கள்." நகரத்துக் குடிசைகளில் வாழ்வோரில் பலர் நேற்றுவரை நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். வயலில் வேலை குறைந்துதான் ஊருக்கு வந்தார்கள். பாத்தி கட்டத் தெரியாதவர்கள் யார் என்று பார்த்தால், இந்த ஆட்சேபத்தைச் சொல்லுகிறவர்களாகத்தான் இருக்கும். பொது நிலத்தைத் தனித்தனியே எழுதிக்கொடு என்றும் நாம் கேட்கவில்லை. நிலம் நகராட்சிக்கே சொந்தமாக இருக்கட்டும். பயிரிடும் உரிமையை வார்டுப் பெண்களின் கூட்டுக் குழுவுக்குக் கொடு என்கிறோம். விற்கும் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது: "நகராட்சியின் வேலை இதுவா?" முதலாளித்துவத்தின் தாய்வீடாகிய பிரிட்டனிலேயே 1908இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு ஊரில் ஆறு வாக்காளர்கள் கூடித் தோட்ட நிலம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அதைக் கவனித்து ஏற்பாடு செய்வது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை. சோவியத் யூனியன் 1991இல் சிதைந்து, எண்ணெயும் உரமும் வருவது நின்றுபோன சோஷலிஸ்ட் கியூபா என்ன செய்தது? அமெரிக்காவின் பொருளாதார முற்றுகைக்கு நடுவே, ஹவானா நகரத்தின் காலி மனைகளை ஜனங்களிடம் பயிரிட ஒப்படைத்தது. கட்டடங்களுக்கிடையே பாத்திகள் எழுந்தன. விளைந்த கீரையும் காயும் அந்தந்தப் பேட்டையிலேயே விற்றன. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் மட்டும் இது முடியாத காரியமா?

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது. "நகரத்து மண்ணும் நீரும் கெட்டுக் கிடக்கிறதே; சாக்கடைத் தண்ணீரில் வளர்த்த கீரை நோய்தானே கொடுக்கும்?" உண்மை. பழைய இரும்புக் கடையும் பட்டறையும் இருந்த இடத்தில் கீரை போடக் கூடாது. சாக்கடை நீரைப் பாய்ச்சக் கூடாது. அதனால்தான் மண்ணையும் நீரையும் பரிசோதித்துக் கொடுக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்க வேண்டும் என்கிறோம். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அதன் நிபுணர்கள் கிராமத்து விவசாயிக்குச் சொல்லுவதை நகரத்துக் குடியிருப்புக்கும் வந்து சொல்லட்டும். தரையில் மண் கெட்டிருந்தால், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது மொட்டை மாடி இருக்கிறது. அங்கன்வாடியின் முற்றம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து மதிலோரம் இருக்கிறது. பையும் தென்னை நார்க் கழிவும் உண்மையில் உதவுகிற இடம் அதுதான்.

தோட்டம் மட்டும் போதுமா?

போதாது. இதை நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஐந்து சென்ட் என்றால் நூறு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர். ஆயிரம் குடும்பத்துக்கு ஐம்பது ஏக்கர். அவ்வளவு காலி நிலம் நகரத்துக்குள் ஒரே நாளில் கிடைத்துவிடாது. தோட்டத்தால் முழுத் தேவையும் தீரும் என்று ஜனங்களை நம்பவைப்பது, சர்க்காரின் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுவதாகவே முடியும். ஆனால் கீரைக்கு அவ்வளவு இடம் வேண்டாம். சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்து ஒரு மாதத்துக்குள் அறுப்புக்கு வருகின்றன. பெரியகுளத்தில் கண்டுபிடித்த பி.கே.எம். 1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்குகிறது. ரத்தசோகைக்கு எதிரான சண்டையில் இவை சாதாரண ஆயுதங்கள் இல்லை.

மீதித் தேவைக்கு ரேஷன் கடைதான் வழி. 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் ரேஷனில் வந்தன. உளுத்தம்பருப்பும் ஒரு காலத்தில் வந்தது, பிறகு நின்றுபோயிற்று. காய்கறியை ரேஷன் கடையில் விற்க முடியாது, அழுகிவிடும் என்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டியபோது சென்னையில் 82 நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றார்களே! அன்று அழுகாத தக்காளி மற்ற நாட்களில் அழுகிவிடுமா? 2013இல் கூட்டுறவுத் துறை பண்ணை பசுமை நுகர்வோர் கடைகளைச் சென்னையில் திறந்தபோது முடிந்த காரியம் சிறு நகரங்களின் ஏழை வார்டுகளில் ஏன் முடியாது?

நமது கோரிக்கைகள்

ஆகவே விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகராட்சிகளிலும் கீழ்க்கண்ட கோரிக்கைகளை நாம் முன்வைக்கிறோம்.

1. நகரத்துக் குடிசைவாசிகள் அனைவருக்கும், பெண்கள் பேரில், குடிமனைப் பட்டா. நீர்நிலையிலிருந்து அகற்ற வேண்டியவர்களுக்கு வேலைக்குப் போகும் தூரத்தில் மாற்று மனை கொடுத்த பிறகே அகற்றுவது.

2. நகராட்சியிடமுள்ள காலி நிலம், மனைப்பிரிவுகளில் பொதுவுக்கு விட்ட இடம் ஆகியவற்றின் பட்டியலை வார்டு வாரியாக வெளியிடுவது. தகுதியுள்ள இடங்களைப் பெண்களின் கூட்டுக் குழுக்களுக்குக் காய்கறி பயிரிட ஒப்படைப்பது.

3. அந்த இடங்களுக்குக் குழாயோ ஆழ்குழாய்க் கிணறோ நகராட்சியே போடுவது. மண்ணையும் நீரையும் இலவசமாகப் பரிசோதிப்பது. வார்டில் சேரும் மக்கும் குப்பையை உரமாக்கி அங்கேயே கொடுப்பது.

4. கிராமத்துக்கு 2005இல் வேலை உறுதிச் சட்டம் வந்தது போல நகரத்துக்கும் சட்டம். கேரளம் 2010இல் அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்தது. தோட்டத்தில் செய்யும் வேலைக்கும் அதன் கீழ்க் கூலி கொடுப்பது. பெண்களின் உழைப்பை ஓசியில் வாங்கிக்கொண்டு அதற்கு 'சுயசார்பு' என்று பெயர் சூட்டக் கூடாது.

5. உழவர் சந்தைகளை மாலையிலும் திறப்பது. ஏழை வார்டுகளில் கூட்டுறவுக் காய்கறிக் கடை. ரேஷனில் நிலக்கடலையும் உளுந்தும் சிறுதானியமும் மலிவு விலையில்.

6. அங்கன்வாடிக்கும் பள்ளிச் சாப்பாட்டுக்கும் வேண்டிய கீரையையும் காயையும் இந்தக் கூட்டுத் தோட்டங்களிலிருந்தும் சுற்றுக் கிராமத்துச் சிறு விவசாயிகளிடமிருந்தும் நியாய விலைக்கு வாங்குவது.

கடைசிக் கோரிக்கை முக்கியமானது. நகரத்துத் தொழிலாளிக்கு மலிவாகக் காய் வேண்டும் என்று கேட்பதும், கிராமத்து விவசாயிக்குக் கட்டுப்படியான விலை வேண்டும் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமான கோரிக்கைகள் என்று சிலர் காட்டப் பார்ப்பார்கள். இருவரையும் மோதவிட்டு நடுவில் லாபம் அடிப்பவனுக்குத்தான் அது சௌகரியம். சர்க்காரும் கூட்டுறவும் நடுவில் நின்றால், விளைவித்தவனும் தின்பவளும் ஒரே பக்கத்தில் நிற்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பிரச்னையை மாதர் சங்கத்தின் பிரச்னை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அது தவறு. தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வைப் பேசும்போது காய்கறிக் கூடையின் விலையையும் பேச வேண்டும். விவசாயிகள் சங்கத் தோழர்கள் மண்டியில் நடக்கும் கொள்ளையைப் பேசும்போது நகரத்து வார்டுகளுக்கும் வந்து பேச வேண்டும். வாலிபர் சங்கத் தோழர்கள் வார்டு வார்டாகப் போய்க் காலி இடங்களை அளந்து பட்டியல் எழுத வேண்டும். சர்க்கார் பட்டியல் தராவிட்டால் ஜனங்களின் பட்டியல் தயாராகட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குவோம். நகராட்சிக் கூட்டம் நடக்கும் நாளில் கூடைகளோடு ஊர்வலமாகப் போய் மகஜர் கொடுப்போம். எங்கே முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து விதைக்க முடியுமோ, அங்கே அனுமதி கேட்டு, ஒரு பாத்தியாவது போட்டுக் காட்டுவோம். பத்துக் கூட்டத்தில் பேசிப் புரியவைக்க முடியாததை ஒரு கீரைப் பாத்தி புரியவைத்துவிடும்.

விதைப் பொட்டலம் வரட்டும். வாங்கிக்கொள்வோம். வாங்கிய கையோடு கேட்போம்: விதை இதோ இருக்கிறது, நிலம் எங்கே?